கேட்டு வாங்கிய நோன்பு

ஆம்பூர்
6 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

தேவிகா எழுதுவது. நானும் மகிழினியும் நன்றாக இருக்கிறோம். கான்பூரில் உங்கள் இருமல் நின்றதா? சுடுதண்ணீர் குடிக்கிறீர்களா, இல்லை ‘குடிக்கிறேன்’ என்று சொல்வதோடு சரியா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பயந்திருப்பீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. நேற்று நாம் பேசியது பதினோரு நிமிஷம். அதில் ஒன்பது நிமிஷம் சண்டை. அடுப்பு சரியாக எரியவில்லை என்று ஆரம்பித்து, உங்கள் சித்தி மகள் கல்யாணத்தில் நான் எதற்குச் சிரித்தேன் என்பது வரைக்கும் போனோம். அதனால் ஓர் ஏற்பாடு. மகிழினியோடு தினமும் போனில் பேசுங்கள், அப்பா குரல் கேட்காமல் அவள் தூங்க மாட்டாள். நம் இருவருக்கும் கடிதம்தான். காகிதத்தில் நடுவில் புகுந்து பேச முடியாது. ஒருத்தர் சொல்லி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதல் விஷயம். எதிர்வீட்டுக்கு எல்லம்மா என்று ஒருவர் குடி வந்திருக்கிறார். நானும் வீட்டுக்கார அக்தரி பேகம் அம்மாவும் படிக்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தார். பேச்சுவாக்கில், “உங்க வீட்ல தீபாவளி நோம்பு உண்டா?” என்று கேட்டுவிட்டார். எனக்கு உண்டு என்றும் வாய் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

அது என்ன நோன்பு என்று பேகம் அம்மா கேட்டார். “கேதார கௌரி நோம்பும்மா. தீபாவளி அமாவாசைக்குக் கல்யாணமானவங்க நாள் முழுக்கச் சாப்பிடாம இருந்து, இருபத்தோரு அதிரசம் படைச்சு, கையில கயிறு கட்டிக்குவோம்” என்றேன். “ஆனா நாமளா எடுத்துக்க முடியாது. புருஷன் வீட்ல இருந்து ஒருத்தர் கையால குடுக்கணும். மூணு வருஷம் விட்டுட்டா அந்த வீட்டை விட்டே போய்டும்னு சொல்வாங்க.”

“எங்களுக்குப் பரவால்லம்மா. வானத்துல பிறை தெரிஞ்சா போதும், நோம்பு தானா வந்துடும்” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. உங்கள் அண்ணன் வீட்டில் பாதியில் எழுந்து வந்தோமே, அது ஒன்று. போன வருஷம் ஒன்று. இந்த வருஷமும் விட்டால் மூன்று. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
தேவிகா


கான்பூர்
16 ஜூலை 2025

அன்பு தேவிகா,

கடிதம் வந்தது. இருமல் போய்விட்டது. இட்லி ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. உனக்கும் பாப்பாவுக்கும் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். ஆம்பூரில் மழையா?

நடுவில் புகுந்து பேச முடியாது என்று எழுதியிருக்கிறாய். நான் மூன்று இடத்தில் புகுந்து பேசினேன். கூட இருக்கும் இன்பராஜ் சமையலை விட்டுவிட்டு வந்து, “யாரோடடா பேசுற?” என்றான்.

நோன்பு விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதுதான். அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். குடியாத்தம் வீட்டில் பங்காளிகள் இருபது பேர். படையல் முறத்தைத் தூக்கி உன்னிடம் கொடுக்கலாம் என்று நான் கை நீட்டினேன். அண்ணன், “டேய், தோலு தொட்ட கை. நோம்பு முறத்துல வெக்காதே” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் பேஜார். கத்தியிருந்தால் கோபத்தில் வந்த வார்த்தை என்று விட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னதால், ரொம்ப நாளாக உள்ளே இருந்தது என்று தெரிந்துவிட்டது.

அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர். தோல் டிப்ளமா படிப்புக்கு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அவர் தறியில் லுங்கி நெய்கிறார், நான் தோலுக்குப் பளபளப்பு ஏற்றுகிறேன். இரண்டும் உடம்பில் போடுகிற சாமான்தானே?

என் கைக்கு ஆகாத நோன்பு என் வீட்டுக்கும் வேண்டாம்.

பாப்பாவுக்கு முத்தம்.

பிரேம்குமார்


ஆம்பூர்
30 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை இருக்கிறது. மகிழினி பள்ளியில் ‘ஃ’ எழுதக் கற்றுக்கொண்டாள். வீட்டுச் சுவர் முழுக்க மூன்று மூன்று புள்ளி.

உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. முறத்தில் கை வைக்காதே என்றதும் நீங்கள் எழுந்தீர்கள். நானும் எழுந்து பின்னாலேயே வந்தேன். அவர் பேசியது தப்புத்தான், எனக்கும் நெஞ்சு கொதித்தது. ஆனால் எழுந்திருக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை எனக்கு. இருபத்தோரு அதிரசத்தில் பதினாறு நான் தட்டியது. உப்பு, இனிப்பு பார்க்கக்கூட விரல் நுனியை வாயில் வைக்கவில்லை.

அப்போது மேல்விஷாரத்தில் குடியிருந்தோம். பள்ளிகொண்டாவில் பஸ் மாற நின்றபோது, டீக்கடையில் எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தீர்கள். என் நோன்பு அந்தப் பன்னில் முடிந்தது. அதில் எறும்பு வேறு.

நோன்பு புருஷன் ஆயுசுக்கு என்பார்கள். இருக்கட்டும், நீங்கள் நூறு வயது இருங்கள். ஆனால் எனக்கு அந்த நாள் எதனால் பிடிக்கும், தெரியுமா? வருஷம் முழுக்க எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுகிறேன். அந்த ஒரு நாள் மட்டும் நான் சாப்பிடுவதற்காக வீடே காத்திருக்கும். “தேவிகாவுக்குத் தலை சுத்துதா?”, “தேவிகாவை உக்கார வெய்ங்க”, “தேவிகா வாயில மொதல்ல வெய்ங்க” என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கல்யாணமாகி முதல் நோன்பில் உங்கள் அண்ணி, பூரணி அக்கா, எனக்குக் கயிறு கட்டும்போது, இனி இது என் வீடு என்று தோன்றியது. தாலி கட்டியபோதுகூட அப்படித் தோன்றவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கை அவமானப்பட்டது உங்களுக்குத் தெரிகிறது. என் பட்டினி அவமானப்பட்டது தெரியவில்லையே, மாமா.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தேவிகா


கான்பூர்
10 ஆகஸ்ட் 2025

அன்பு தேவிகா,

நலமா? இங்கே ஈரமும் புழுக்கமும் சேர்ந்து ஆளை வேக வைக்கிறது. மற்றபடி சுகம்.

அந்தப் பன் விஷயம் உண்மை. இன்னொன்றும் உண்மை. நீ ஒரு பன் சாப்பிட்டாய். நான் இரண்டு சாப்பிட்டேன். அன்று காலை எனக்கு டிபன் வேறு ஆகியிருந்தது. இதை இன்பராஜிடம் சொன்னபோது, “இன்னாடா மனுஷன் நீ” என்று அரைமணி நேரம் என்னோடு பேசவில்லை.

நீ நோன்பு எடு. தடுக்க மாட்டேன். ஆனால் அண்ணன் வீட்டுப் படி மட்டும் ஏறாதே. வேறு யாரிடமாவது வாங்க வழி இருக்கிறதா என்று பார்.

பாப்பா சுவரில் எழுதுவதைத் தடுக்காதே. வீட்டுக்கு வரும்போது நான் வெள்ளை அடித்துக்கொள்கிறேன்.

பிரேம்


ஆம்பூர்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறு வாரம் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். காய்ச்சல் ஒன்றுமில்லை, மகிழினியும் நன்றாக இருக்கிறாள். எழுத நேரம் இல்லை. நேரம் ஏன் இல்லை என்று சொல்லப் பயம். இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதத்திலிருந்து நான் இங்கே ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைன். காலை எட்டரைக்கு மகிழினியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுப் போனால் ஐந்தரைக்கு வருவேன். மதியத்துக்கு மேல் அவளைப் பேகம் அம்மா பார்த்துக்கொள்கிறார். அவளுக்கு உருதுவில் இருபது வரை எண்ணத் தெரியும். அதை உங்களிடம் போனில் சொல்லிவிடாமல் இருக்கத்தான் இத்தனை நாள் பாடுபட்டேன்.

கான்பூர் புறப்பட்டபோது, “இந்தத் தோலு வாசனை என்னோடவே போகட்டும். நீ அந்தப் பக்கம் வந்துடாதே” என்றீர்கள். அதனால்தான் மறைத்தேன்.

முதல் வாரம் நான்கு ஊசி உடைத்தேன். சூப்பர்வைசர் பிரிசில்லா அக்கா, “ஊசி உடையட்டும்மா, மனசு உடையாம இருந்தா சரி” என்றார். இப்போது லைனில் நாற்பது பேரில் வளைவுத் தையல் என்னிடம்தான் வருகிறது. போன வாரம் நான் தைத்த முழு லாட்டும், பழுது என்று ஒன்றுகூடத் திரும்பாமல் போனது. அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவே இல்லை.

ஒரு நாள் மதியம் சோற்றுக்குக் கை கழுவும் முன்னால் என் கையை முகர்ந்து பார்த்தேன். அசிங்கமாக ஒன்றுமில்லை, மாமா. ஜூன் மாதத்துப் புதுப் பள்ளிக்கூடப் பை மாதிரி இருந்தது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஒரு வேலையாக வெளியூர் போய்வந்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

திட்டுவதாக இருந்தால் நீளமாகத் திட்டி எழுதுங்கள். ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்.

உங்கள்
தேவிகா


கான்பூர்
29 செப்டம்பர் 2025

அன்பு தேவிகா,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். நான் நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம். இரண்டாம் தடவை வெட்கம். மூன்றாம் தடவை, நீ தைப்பது ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா என்று எழுதவே இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த கடிதத்தில் எழுது. வளைவுத் தையல் என்றால் லேசான வேலை இல்லை. அங்கேதான் தோல் இழுத்துக்கொண்டு சுருங்கும். அதில் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றால் உனக்கு நல்ல கை. தோல்காரன் சொல்கிறேன்.

வெட்கம் எதற்கென்றால், அண்ணன் ஒரு தடவை சொன்னார். அதையேதான் நானும் உன்னிடம் வேறு வார்த்தையில் சொல்லிவிட்டுக் கான்பூருக்கு ரயில் ஏறியிருக்கிறேன். இங்கே வேலை முடிந்ததும் தினமும் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவுகிறேன். இன்பராஜும் என்னோடு, தோலுக்குப் பளபளப்பு ஏற்றுகிற அதே ஷாப்பில்தான் வேலை செய்கிறான். சோப்பு போட்டான், துடைத்தான், தட்டில் கை வைத்தான். நான் மட்டும் யாருக்காகத் தேய்க்கிறேன் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன்.

எந்த ஊருக்குப் போய்வந்தாய்?

பிரேம்


குடியாத்தம்
4 அக்டோபர் 2025

தம்பி பிரேமுக்கு,

உன் அண்ணி பூரணி எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அந்த ஊரில் சப்பாத்தி தின்று இளைத்திருப்பாய். விலாசத்தை உன் பெண்டாட்டியின் பையிலிருந்த கவரைப் பார்த்து எழுதிக்கொண்டேன். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

அவள் இங்கே வந்ததை உனக்கு இன்னும் சொல்லியிருக்க மாட்டாள். செப்டம்பர் 13, சனிக்கிழமை சாயங்காலம். கழுத்தில் கம்பெனி அட்டை, தலையில் வாடின கனகாம்பரம். உள்ளே வா என்றேன். வாசலிலேயே நின்றாள்.

“அக்கா, நான் ஷூ கம்பெனியில தைக்கிறேன். காலையில இருந்து தோல்லதான் கை. இந்தக் கையோட உள்ள வரலாமான்னு பெரிய மாமாவைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. வந்தா நோம்பு கேட்கத்தான் வந்திருக்கேன். இந்தக் கையாலதான் வாங்குவேன்” என்றாள். குரல் நடுங்கவில்லை.

உன் அண்ணன் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. “வழக்கம்னு ஒன்னு இருக்குதில்ல, பூரணி” என்றார். தம்பி, பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் நோன்பு எடுக்கிறேன். வருஷா வருஷம் அய்யர் கதை படிக்கிறார், நானும் கேட்கிறேன். அன்றைக்குத்தான் அந்தக் கதை எனக்குப் புரிந்தது.

“இன்னா வழக்கம்?” என்றேன். “அந்தக் கௌரி யாருக்காகப் பட்டினி கெடந்தா? இடுப்புல புலித்தோலு, மேல யானைத்தோலு போத்தினவனுக்காக. அவன் உடம்புல பாதி வேணும்னுதானே இருபத்தோரு நாள் கெடந்தா? பாதி வாங்கினப்ப அந்தப் பாதித் தோலையும் சேர்த்துத்தானே வாங்கினா? ஒதுங்கி நின்னு, ‘நீ போய்க் கையைக் கழுவிட்டு வா’ன்னு சொன்னாளா?”

டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். நான் தேவிகாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், அப்புறம் இரண்டு பேரும் வெங்காய தோசை சாப்பிட்டோம்.

அதன் பிறகு ஒரு வாரம் அவர் விடிந்ததும் தறிக்கூடம் போனால், இருட்டினால்தான் வீடு. போன புதன்கிழமைக்கு முந்தின புதன், நூல் எடுக்க வாலாஜாபேட்டை போகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வந்தபோது நூலைக் காணோம். சோறு போட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆம்பூர் போனேன். அந்தக் கம்பெனி கேட்டுக்கு எதிர்ல நின்னேன். அஞ்சு மணிக்கு விட்டாங்க. ஆயிரம் பொம்பளைங்க வர்றாங்க பூரணி. ஒவ்வொருத்தியும் தலையில பூ வெச்சிருக்கா. சிரிச்சுப் பேசிக்கினு வர்றாங்க. நம்ம தேவிகாவும் வந்தா. கூப்பிடலாம்னு பாத்தேன். வாய் வரல.”

ஆயிரம் பெண்களை எண்ணினாரா என்று நான் கேட்கவில்லை. ‘நம்ம தேவிகா’ என்றார், அது போதும் எனக்கு.

நோன்பு அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை. அவளுக்கு நான் கொடுக்கப்போகிறேன், அதில் மாற்றமில்லை. உனக்கு எழுதுங்கள் என்று உன் அண்ணனிடம் சொன்னேன். இரண்டு நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ‘அன்புள்ள தம்பி’ என்பதோடு நின்றுவிட்டது. அந்தத் தாளை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி உன் இஷ்டம்.

ஆசீர்வாதங்களுடன்
அண்ணி பூரணி


கான்பூர்
11 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நான் இளைக்கவில்லை, இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்று இங்கே கர்வா சௌத். நம் நோன்பு மாதிரியே கல்யாணமான பெண்கள் புருஷனுக்காக இருக்கிற விரதம். தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, நிலா வந்ததும் சல்லடை வழியாக நிலாவையும் புருஷனையும் பார்த்துவிட்டு, அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். கீழ்வீட்டில் திவாரி என்று ரயில்வேயில் ஓய்வு பெற்றவர் இருக்கிறார். மதியம் அவரை டீ குடிக்கக் கூப்பிட்டேன். வயிறு சரியில்லை என்றார். சாயங்காலம் இன்பராஜ் பஜ்ஜி போட்டான். வயிறு சரியில்லை என்றார்.

நிலா வர நேரமாகிவிட்டது. மொட்டை மாடியில் தெருவே கூடி நின்றது. ஒரு வழியாக வந்ததும், அவர் மனைவிக்குச் சொம்பைக் கொடுத்தார். அந்த அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். இவர் வாங்கி ஒரே மூச்சில் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அந்த அம்மா முறைத்துப் பார்த்தார். “காலையிலிருந்தா?” என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். “எத்தனை வருஷமா?” “முப்பத்தொன்று” என்றார். அந்த அம்மா சல்லடையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தார். மாடியே சிரித்தது. அவருடைய கண்ணில் மட்டும் தண்ணீர்.

அதைப் பார்த்துவிட்டு வந்துதான் உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்தேன். என் மனைவி பட்டினி கிடந்த நாளில் நான் தின்ற டிபனும் பன்னும் ஞாபகம் வந்தன.

தீபாவளி சமயம் இங்கே ஏற்றுமதி வேலை அதிகம். லீவு கிடைப்பது கஷ்டம். நோன்பை நீங்கள் தேவிகாவுக்கு நல்லபடியாகக் கொடுங்கள். அண்ணன் எழுதின அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

பிரேம்குமார்


ஆம்பூர்
14 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா? நாங்கள் சுகம். உங்களுக்கு எழுதியதாக அக்கா நேற்றுத்தான் சொன்னார். நான் குடியாத்தம் போனதை மறைத்துவிட்டேன். நீங்கள் ஏற வேண்டாம் என்ற படியில் ஏறிவிட்டேன். கோபமா? மகிழினியோடு இரண்டு நாளாக நன்றாகப் பேசுகிறீர்கள். ‘அம்மாகிட்டக் குடு’ என்று சொல்வீர்களா என்று பக்கத்திலேயே நிற்கிறேன். ஏற்பாடு நான் செய்ததுதான், இருந்தாலும்.

பழைய கயிற்றை வைத்துத்தான் புதுக் கயிறு வாங்க வேண்டும். என்னிடம் பழையது இல்லை. அக்கா தன்னுடையதை இரண்டாக வெட்டி ஒரு பாதியை எனக்குக் கொடுத்துவிட்டார். 20-ஆம் தேதி சாயங்காலம் மகிழினியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பேகம் அம்மா வெல்லம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். “பட்டினி கிடக்கறப்ப கோபப்படக் கூடாது. அது எங்க நோம்புக்கும் சட்டம், உங்க நோம்புக்கும் சட்டம்” என்று சொல்லி அனுப்புகிறார்.

நான் தைப்பது ஆட்டுத் தோல்.

வருவீர்களா?

தேவிகா


கான்பூர்
3 நவம்பர் 2025

அன்பு தேவிகா,

நேற்று நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் உன் புளிச்சோறு நாக்பூர் வரைக்கும் தாங்கியது. உனக்கு இடுப்பு வலி குறைந்ததா? மிஷின் முன்னால் குனிந்து உட்காராதே.

உள்ளே நுழைந்ததும் உன் அக்டோபர் 14 கடிதத்தை இன்பராஜ் எடுத்துக் கொடுத்தான். நான் கிளம்பிய பிறகு வந்திருக்கிறது. ‘வருவீர்களா?’ என்று கேட்டிருக்கிறாய். வந்தேன்.

லீவு கேட்டால் கிடைக்காது என்று நான் கேட்கவே இல்லை. ஷாப்பில் என்னோடு இருக்கும் சூப்பர்வைசர் அஃப்ரோஸ்தான், “எங்க ஈதுக்கு ரெண்டு ஷிப்ட் நீ பார்த்தே. இப்ப என் முறை, போ” என்று விரட்டினான். தீபாவளி அன்று முழுக்க ரயிலில் இருந்தேன். ராத்திரி இன்பராஜ் கட்டிக் கொடுத்த சப்பாத்தியோடு சாப்பாட்டை நிறுத்திக்கொண்டேன். காட்பாடியில் இறங்கியபோது எதிரிலேயே தோசை வாசனை. தேவிகா, நீ எப்படித்தான் இருக்கிறாய்? பதினொரு மணிக்கே எனக்குக் கண் இருட்டியது. பசியில் ஒரு மனுஷன் எத்தனை தடவை கடிகாரம் பார்ப்பான் என்று எனக்கு முன்னால் தெரியாது.

குடியாத்தம் வீட்டுக்குள் நான் வந்ததும் நீ மாவுக் கையோடு எழுந்து நின்றதை எழுத வேண்டியதில்லை. பாப்பா கத்திய கத்தலையும் எழுத வேண்டியதில்லை. உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். நீ கலசத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். நான் பின்கட்டில் குழாயடியில் இருந்தேன்.

அய்யர் வந்துவிட்டார், பங்காளிகள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். சோப்பு போட்டுக் கழுவினேன். முகர்ந்து பார்த்தேன். மறுபடியும் கழுவினேன். மூன்றாம் தடவையா நாலாம் தடவையா தெரியாது. நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. அண்ணன். மகன் மாதிரி வளர்த்தவனை இரண்டு வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறார். முடி நிறைய நரைத்துவிட்டது அவருக்கு. என் கையைப் பார்த்தார். அப்புறம் குனிந்து குழாயை மூடினார்.

“போதும்டா கழுவினது” என்றார். “வா. அவ பசியோட உக்காந்திருக்கா.”

“எனக்கும் பசிதாண்ணா” என்றேன்.

“நீயுமா?” என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “நானும்தாண்டா. பூரணிக்குத் தெரியாது” என்றார்.

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. மன்னிப்பு என்கிற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் ஈரக் கையை அவருடைய தோள் துண்டிலேயே துடைத்துவிட்டார், சின்ன வயதில் துடைப்பது மாதிரி. அப்புறம் கூடத்தில் நடந்தது உனக்கே தெரியும். முறத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “பிரேமு, அந்தப் பக்கம் புடி” என்றார். யாராவது ஏதாவது சொல்வார்களா என்று நீ சுற்றிப் பார்த்தாய், நான் கவனித்தேன். அண்ணி பார்த்த பார்வையில் பங்காளிகள் நகர்ந்து வழி விட்டார்கள். இருபது பேர் முன்னால் அந்த முறத்தை நீ இரண்டு கையாலும் வாங்கினாயே, அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்று பார்த்தபோதுகூட அத்தனை அழகாக இல்லை. நீயும் கோபித்துக்கொள்ளாதே.

ஒரு விஷயம் இன்று நடந்தது. ஷாப்பில் வெள்ளைத் தோல் ஓடிக்கொண்டிருந்தது. அன்று எனக்கும் கட்டிவிட்ட நோன்புக் கயிறு என் வலது மணிக்கட்டில் இருக்கிறது. ஈரத்தோலைத் தடவிப் பார்த்தபோது கயிற்றின் மஞ்சள் இறங்கி, தோலின் ஓரத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது. அஃப்ரோஸ் பார்த்துவிட்டு, “இன்னாது இது, புது டிசைனா?” என்றான். ஓரம் எப்படியும் வெட்டிப் போடுகிற கழிவுதான். கத்தரியால் அந்த இடத்தை மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

பூஜை அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வை.

உன்
பிரேம்